பத்து முப்பத்தெட்டு

ஜூன் 12, 2024, புதன். பிற்பகல் 3 மணி 42 நிமிடம். பதிவுகள்: 41,306.

நேரம் என் போன் காட்டுவது. தலைக்கு மேலே கண்ட்ரோல் ரூம் சுவர்க் கடிகாரம் 3.49 என்கிறது. இந்த இடத்தில் எதுவும் சரியாக இல்லை.

பதிவுகள், அதாவது லாக் என்பது, மே முதல் தேதியிலிருந்து ஜூன் ஆறு வரை இந்தக் காற்றாலைப் பண்ணையின் மூன்று கம்ப்யூட்டர்களும் சேர்ந்து எழுதிய வரிகள். அதில் எனக்கு வேண்டியது நான்கு வரி. மீதி 41,302 வரியை யாரும் பார்க்கப்போவதில்லை.

சென்னை ஆபீஸில் என் மேலதிகாரி ஸ்ரீவத்சன் சார், "என்கொயரி முடியற வரைக்கும் தினமும் குறிச்சு வைப்பா, பின்னாடி கேட்டா கையில இருக்கும்" என்றார். அதனால் எழுதுகிறேன். டைரி எழுதுகிற ஆள் இல்லை நான்.

விஷயம் இதுதான். பணகுடிக்குப் பக்கத்தில் அறுபத்துநான்கு காற்றாலைகள். எட்டெட்டாக ஒரு மின்பாதையில் கோத்திருக்கிறார்கள். அந்தப் பாதைக்குப் பெயர் ஃபீடர். ஒரு ஃபீடரில் ஆள் இறங்கி வேலை செய்தால் கம்ப்யூட்டரில் அதைச் சிவப்பாக்க வேண்டும்: 'ஆள் இருக்கு'. முடித்ததும் பச்சை: 'காலி'. பச்சையாக இருந்தால்தான் மின்சாரம் கொடுக்கலாம்.

டிரான்ஸ்ஃபார்மர்கள் நிற்கிற யார்டின் கேபினில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி கண்ட்ரோல் ரூமில் ஒன்று, சென்னையில் ஒன்று. மூன்றும் ஒரே நினைவை ஆளுக்கொரு பிரதியாக வைத்திருக்கும். ஒன்றில் எழுதினால் மற்ற இரண்டுக்கும் போகும். காற்றடித்தால் இங்கே லைன் அறுந்து அறுந்து வரும் என்பதால் ஒவ்வொன்றும் தனியாகவும் வேலை செய்யும், லைன் வந்ததும் ஒப்பிட்டுக்கொள்ளும். ஒரே ஃபீடரைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியிருந்தால் எதன் நேரம் பிந்தியதோ அது நிற்கும். மற்றது திரையிலிருந்து அழியும், பதிவில் மட்டும் இருக்கும். இந்த விதியை எழுதியது நான். நிரலில் ஒரே ஒரு வரி. அழகான வரி.

ஜூன் 6, வியாழன், ஏழாம் ஃபீடர்:

9.05 – யார்டு கேபின் – ஆள் இருக்கு – சுடலைமணி
10.34 – யார்டு கேபின் – ஆள் இருக்கு – சுடலைமணி
10.38 – கண்ட்ரோல் ரூம் – காலி – ஜெபராணி
10.43 – கண்ட்ரோல் ரூம் – மின்சாரம் கொடுக்கப்பட்டது – ஜெபராணி

சுடலைமணி டெக்னீஷியன், வயது 29. டிரான்ஸ்ஃபார்மரில் கை வைத்திருந்தபோது மின்சாரம் வந்தது. வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. உயிர் தப்பியிருக்கிறார். ஜெபராணி ஆபரேட்டர், வயது 44, பதினொரு வருட சர்வீஸ். சஸ்பெண்ட் ஆகியிருக்கிறார். 20ஆம் தேதி காலை பத்தரைக்கு என்கொயரி. கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆள் இருக்கிற ஃபீடரைக் கேட்காமல் கொள்ளாமல் 'காலி' என்று மாற்றினார் என்று ஆகிவிட்டால் அவருக்கு வேலை போகும், போலீஸ் கேஸும் வரும்.

ஒரு நாள் வேலை. எட்டு நாள் எதற்குக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

ஜூன் 13, வியாழன்

ஜெபராணியிடம் பேசினேன். சஸ்பெண்ட் என்றாலும் தினமும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் வரை கண்ட்ரோல் ரூம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை எல்லாவற்றையும் வரிசையாகப் பக்கத்தில் வைத்திருந்தார், ரயிலில் வருகிறவர் மாதிரி.

"மேடம், 10.38க்குக் காலின்னு போட்டது நீங்கதானே?"

"நான்தான் சார். சுடலை போன் பண்ணினான். 'அக்கா, வேலை முடிஞ்சிட்டு, விட்டுருங்க'ன்னான். போட்டேன். நோட்டுலயும் எழுதியிருக்கேன், 10.38ன்னு."

"அவர் 10.34க்குத்தான் ஆள் இருக்குன்னு சிவப்பு போட்டிருக்கார். நாலே நிமிஷத்துல முடிஞ்சுதுன்னு போன் பண்ணுவாரா?"

"அந்தச் சிவப்பை நான் பாக்கவே இல்ல சார். காலையில ஒம்பது மணிக்குப் போட்ட சிவப்புதான் இருந்துச்சு. அதைத்தான் எடுத்தேன். பொறவு பச்சையாவே கெடந்துச்சு. அஞ்சு நிமிசம் பொறுத்துத்தான் கரண்ட் விட்டேன்."

"பச்சையாவே கெடந்ததுன்னா அவர் போட்டது எங்க போச்சு? பறந்து போச்சா?"

"அதைத்தான் சார் நானும் ஒரு வாரமா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"மனுஷங்க மறப்பாங்க மேடம். லாக் பொய் சொல்லாது."

அவர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு சின்ன உறுத்தல். 9.05இலிருந்தே சிவப்பாக இருந்ததை சுடலைமணி 10.34க்கு எதற்கு மறுபடி சிவப்பாக்கினார்? இருமுறை அழுத்துவது சகஜம்தான். விட்டுவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

காற்று. லாட்ஜ் மொட்டை மாடியில் சட்டை காயப்போட்டால் பக்கத்துத் தெருவில் போய் எடுக்க வேண்டியிருக்கிறது. சட்டைக்கு நான்கு கிளிப் வாங்கினேன்.

முதல் அறிக்கை முடிந்தது. நான்கு பக்கம். கடிகாரத்தைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன், யாராவது கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே. மூன்று கம்ப்யூட்டர் நேரத்தையும் இன்று பார்த்தேன். அதிகபட்ச வித்தியாசம் ஒரு விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு. நேரம் விலகினால் என் போனுக்கு எச்சரிக்கை வரும் ஏற்பாடும் இருக்கிறது. ஏப்ரலில் ஒருநாள் அது நிமிடத்துக்கு ஒன்று என்று வந்து தொல்லை கொடுத்தது. சரிசெய்துவிட்டேன். அதன் பின் ஒன்றுகூட வரவில்லை. ஆக, கோளாறு இல்லை.

சென்னைக்கு அனுப்பினேன். "கிளீனா இருக்கு" என்றார் ஸ்ரீவத்சன் சார். பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் மட்டும் வாங்கி இணைக்கச் சொன்னார்.

ஜூன் 15, சனி

மதியம் சைட் இன்சார்ஜ் வேலாயுதப்பெருமாளோடு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று ஷிப்ட் முடித்த நான்கு பேர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுவர்க் கடிகாரம் இரண்டு அடிக்க இரண்டு நிமிடம். என் போனில் 1.51.

"இந்தக் கடிகாரத்தை யாரும் சரி பண்ண மாட்டீங்களா சார்?"

"ஏன், நல்லாத்தான தம்பி ஓடுது? ஏழு நிமிசம் முந்தி ஓடுது, அவ்வளவுதான். ரெண்டு மணி பஸ்ஸுக்காக வச்சது. அதை விட்டா அடுத்தது நாலரைக்கு. காத்து சீசன்ல ரோட்டுல நின்னு பாரும், கண்ணுல அரைப்படி மண்ணு விழும்."

"முந்தி ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியுமே. அப்புறம் என்ன பிரயோஜனம்?"

"தெரியும். ஆனா ஓடுற அவசரத்துல கழிச்சுப் பாக்க மறந்துருவோம்லா? அதான் பிரயோஜனம்."

பதினைந்து வருடமாக இப்படித்தானாம். பஸ்ஸை யாரும் விட்டதில்லையாம். இவர்களை வைத்துக்கொண்டு விநாடி சுத்தமாக ஒரு சிஸ்டம் நடத்த வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

நாகர்கோவில். ஆஸ்பத்திரி இரண்டாவது மாடி. சுடலைமணியின் வலது கை வெள்ளைக் கட்டுக்குள் ஒரு தலையணை கனத்துக்கு இருந்தது. அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காராமல் கேள்வியை ஆரம்பித்தேன்.

"வேலையை முடிச்சிட்டு அக்காவுக்குப் போன் பண்ணினேன் சார். பொறவு ஒரு நட்டு முறுக்காம வந்தது ஞாபகம் வந்துட்டு. கேபினுக்கு ஓடி மறுபடி சிவப்பு போட்டுட்டுத்தான் யார்டுக்குள்ள போனேன்."

"போன் முதல்ல, சிவப்பு அப்புறமா?"

"ஆமா."

"லாக்ல தலைகீழா இருக்கே."

"எனக்கு லாக் தெரியாது சார். எனக்கு நட்டுதான் தெரியும்."

"ரெண்டாவது தடவை சிவப்பு போட்டதும் போன் பண்ணியிருக்கலாமே?"

அவர் என்னைப் பார்த்தார். "முடிஞ்சா பழக்கத்துல கூப்பிடுவோம். மத்தபடி போன் வேண்டாம்னு நீங்கதான சார் ட்ரெயினிங்ல சொன்னிய? திரையில செவந்துட்டா போதும்னு."

சொன்னேன்தான். ஆள் இறங்க ஒரு போன், ஏற ஒரு போன், நாளைக்கு நாற்பது நிமிடம் வீண் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டே காட்டினேன்.

அவர் மனைவி போனை எடுத்துக் கொடுத்தார். ஜூன் 6 அழைப்புகள். கண்ட்ரோல் ரூமுக்கு 10.31. அதற்கு அடுத்து, கூட வேலை பார்த்தவர் அதே போனிலிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது: 10.39.

லாக்கின்படி மின்சாரம் கொடுக்கப்பட்டது 10.43. அடிபடுவதற்கு நான்கு நிமிடம் முன்னால் ஆம்புலன்ஸை யார் கூப்பிடுவார்கள்?

அப்போதுதான் உட்கார்ந்தேன்.

கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் அன்றைக்கு ஏழு நிமிடம் முந்தி ஓடியிருக்கிறது. சுவர்க் கடிகாரம் மாதிரியே. 'காலி' போட்டது நிஜத்தில் 10.31. மூன்று நிமிடம் கழித்து, 10.34க்கு, 'ஆள் இருக்கு'. ஆனால் 'காலி'யின் மேல் 10.38 என்று முத்திரை. பத்து விநாடிக்கு ஒருமுறை ஒப்பிடும்போது என் அழகான வரி இரண்டையும் பார்த்தது. 10.38 பிந்தியது, நிற்கட்டும். 10.34 முந்தியது, அழியட்டும். இவர் சிவப்பைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார். முதுகைத் திருப்பிய பிறகு பச்சையாகிவிட்டது. ஜெபராணி திரையில் சிவப்பு வரவே இல்லை. 10.36க்குக் கரண்ட்.

சுடலைமணிக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

"ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னா, ஆள் இருக்குன்னுதான சார் எடுத்துக்கணும்? அங்க போயி மணி பாத்து என்ன செய்ய?"

பஸ்ஸில் திரும்பும்போது பணகுடி வரை அதற்குப் பதில் தேடினேன்.

ஜூன் 17, திங்கள்

கம்ப்யூட்டர் நேரம் எப்படி விலகியது, இப்போது எப்படிச் சரியாக இருக்கிறது? இரண்டாவது கேள்வி சுலபம். விபத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் அணைத்துப் போட்டிருக்கிறார்கள். மெஷின் புதிதாக எழும்போது ஒரே ஒருமுறை நேரத்தைத் தானாகத் திருத்திக்கொள்ளும். அதற்கு முன் 51 நாள் அணையாமல் ஓடியிருக்கிறது. நான் 14ஆம் தேதி பார்த்தது குளிப்பாட்டித் துடைத்து நிறுத்தி வைத்த கடிகாரத்தை.

முதல் கேள்வியை ஜெபராணியிடம் கேட்டேன். கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னார்.

"நாங்கதான் சார் மாத்தினோம். ஏப்ரல்ல ஆடிட்காரர் வந்தாருலா? நோட்டுல ஒரு நேரம், கம்ப்யூட்டர்ல ஒரு நேரம் இருக்கு, ரெண்டும் ஒத்துப்போவணும்னு எழுதிட்டுப் போயிட்டாரு. நோட்டு நாங்க சுவத்துக் கடிகாரத்தைப் பாத்துத்தான எழுதுவோம்? அதான் கம்ப்யூட்டரை ஏழு நிமிசம் தள்ளி வச்சோம்."

"சுவர்க் கடிகாரத்தைத் தள்ளி வச்சிருக்கலாமே!"

"பஸ்ஸு?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு மேல் விளக்கம் தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை.

"மாத்த மாத்த அது பழைய நேரத்துக்கே போயிட்டு இருந்துச்சு. பொறவு ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டோம். தானா திருந்துற டிக்கை எடுத்துருங்கன்னு சொன்னாங்க. எடுத்தோம். நின்னுட்டு." போன் நோட்டைப் புரட்டிக் காட்டினார். இங்கே ஒவ்வொரு போனையும் எழுதி வைப்பது பழைய வழக்கம். ஏப்ரல் 16. 1.12. சென்னை ஆபீஸ். அதற்குப் பக்கத்தில் ஒரு பெயர்.

இரண்டாவது அறிக்கை எழுதினேன். 'கண்ட்ரோல் ரூம் ஊழியர்கள் ஏப்ரல் 16 அன்று கணினியின் நேரத்தை மாற்றியிருந்தனர். அதனால் பதிவுகளின் வரிசை பிறழ்ந்தது.' அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. அனுப்பிவிட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

மூன்று சட்டை காய்ந்தது. ஒன்றை இஸ்திரி போடும்போது சுட்டுவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 19, புதன்

காலை ஸ்ரீவத்சன் சார் போன். குரலில் உற்சாகம். "இது முதல் ரிப்போர்ட்டைவிட நல்லா இருக்குப்பா. அவங்களே நேரத்தை மாத்தியிருக்காங்க, நம்ம சிஸ்டம் என்ன பண்ணும்? யார் பர்மிஷன்ல மாத்தினாங்கன்னு கேட்டா அவங்கதான் பதில் சொல்லணும்." சரி சார் என்றேன்.

ஒன்றரை மணி இருக்கும். ஜெபராணி என் மேஜைக்கு வந்தார். பெஞ்சை விட்டு எழுந்து வந்தது இதுதான் முதல் தடவை.

"சார், அறிக்கையில என்ன எழுதியிருக்கியன்னு கேக்கல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தச் சிவப்பை நான்தான் அழிச்சேனா?"

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"லாக் பொய் சொல்லாதுன்னு அன்னைக்குச் சொன்னிய. வீட்டுக்குப் போயி யோசிச்சேன். மொதல்ல நல்லா ஞாபகம் இருந்துச்சு சார், பச்சைதான்னு. யோசிக்க யோசிக்க எனக்கே சிவப்பைப் பாத்த மாதிரி இருக்கு. இப்ப கண்ணை மூடினா சிவப்புதான் தெரியுது. கை தானா போயி அழுத்தின மாதிரி இருக்கு." வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நாளைக்கு, ஆமா, நான்தான் பாத்துட்டு அழிச்சேன்னு எழுதிக் குடுத்துரலாம்னு இருக்கேன். சுடலை கையைப் பாத்த பொறவு சண்டை போட மனசில்ல."

ஆறு நாள் முன்னால் நான் பொறுமையில்லாமல் போட்ட ஒரு வாக்கியம் இந்த அம்மாளின் தலைக்குள் போய், நேரில் பார்த்ததை அழித்திருக்கிறது. பிந்தி வந்தது நிற்கும். முந்தியது அழியும். என் விதி அவருக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது. 41,306 வரிகளுக்குள் இல்லாத ஒரே சரியான பிரதி அவரிடம் இருந்தது. இன்னும் ஒரு நாளில் அதுவும் போய்விடும்.

"நீங்க அழிக்கலக்கா. நீங்க பாத்தது பச்சைதான்."

"அப்ப யாரு அழிச்சா?"

சொன்னேன். முழுதாகச் சொன்னேன், இங்கே இத்தனை நாள் எழுதாமல் விட்டதையும் சேர்த்து. போன் நோட்டில் இருக்கிற பெயர் திலீபன், அதாவது நான். எந்தக் கம்ப்யூட்டர், எதற்காக என்று நான் கேட்கவே இல்லை. தினமும் இருபது போன் வரும், டிக்கை எடுங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மறுநாள் நேர எச்சரிக்கை நிமிடத்துக்கு ஒன்று வந்தபோது, வரம்பை ஒரு விநாடியிலிருந்து பத்து நிமிடமாக மாற்றினேன். 'சரிசெய்துவிட்டேன்' என்று 14ஆம் தேதி எழுதியிருக்கிறேனே, அதற்கு அர்த்தம் அதுதான். அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் அதன் வாயை மூடினேன்.

ஜெபராணி அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அழுவார் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை.

"நீங்கதான்னு எனக்கு மொத நாளே தெரியும் சார், பேரு நோட்டுல இருக்கே. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஏப்ரல்ல அன்னைக்குப் போன்ல, வாயில சோத்தை வச்சுக்கிட்டுத்தான் பேசினிய. சாப்பிட்டு முடிச்சிட்டுப் பேசியிருக்கலாம்லா?"

பதில் சொல்வதற்குள் அவர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். கடிகாரத்தில் 1.57. கழித்துப் பார்க்கவில்லை. டிபன் பாக்ஸையும் குடையையும் அள்ளிக்கொண்டு ஓடினார். தண்ணீர் பாட்டில் பெஞ்சிலேயே இருக்கிறது.

ஜூன் 20, வியாழன். காலை 6 மணி 10 நிமிடம், போனில்.

மூன்றாவது அறிக்கை தயார். இரண்டு பக்கம். இன்றைக்குச் செய்ய வேண்டியவை:

1. 6.30க்கு ஸ்ரீவத்சன் சாருக்குப் போன். முதல் இரண்டு அறிக்கைகளையும் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்வது. கத்தினால் கேட்டுக்கொள்வது.

2. மூன்றாவது அறிக்கையின் முதல் பக்கத்தில், அடிக்குறிப்பில் இல்லாமல் மேலேயே: ஏப்ரல் 16, 1.05 (போன் நோட்டில் 1.12), நேரத்திருத்தத்தை நிறுத்தச் சொன்னது திலீபன். ஏப்ரல் 17, எச்சரிக்கை வரம்பைப் பத்து நிமிடமாக்கியது திலீபன். விதியை எழுதியது, போன் வேண்டாம் என்றது, இரண்டும் திலீபன்.

3. சுடலைமணியின் அழைப்புப் பட்டியல், போன் நோட்டின் ஏப்ரல் 16 பக்கம் இரண்டுக்கும் நகல் எடுத்து இணைப்பது. பணகுடியில் ஜெராக்ஸ் கடை 9 மணிக்குத்தான் திறக்கும். கடை வாசலில் நிற்பது.

4. 10.30 என்கொயரி. ஜெபராணி அக்கா எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேச அனுமதி கேட்பது. கொடுக்காவிட்டால் நின்றுகொண்டு பேசுவது.

5. இன்றே போன் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி வேலாயுதப்பெருமாள் சாரிடம் எழுத்தில் கொடுப்பது. நாற்பது நிமிடம் போனால் போகட்டும்.

6. விதியை மாற்றுவது. சிவப்பும் பச்சையும் மோதினால், எந்த நேர முத்திரையாக இருந்தாலும், சிவப்பு நிற்கும். யோசனை சொன்னவர் என்ற இடத்தில் சுடலைமணி பெயர். அதற்குள் என்னை வேலையை விட்டு அனுப்பினால், அடுத்து வருகிறவருக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்துவிட்டுப் போவது.

7. மாலை நாகர்கோவில். நாற்காலி போட்டால் உட்கார்வது. அவர் பேசி முடிக்கிற வரை வாயைத் திறக்காமல் இருப்பது.

8. தண்ணீர் பாட்டிலைக் கொடுப்பது.

9. சுவர்க் கடிகாரத்தைத் தொடக் கூடாது. ரெண்டு மணி பஸ் இருக்கிறது.